உஷார்! மார்ச் மாதத் தண்ணீரைப் பார்த்து மீன் விடுங்கள்

அந்தமான் குட்வில் எஸ்டேட் பக்கம் கொல்லையில் குளம் வெட்டி, இந்த மழைக்கு மீன்குஞ்சு விடக் காத்திருப்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்!

அந்தமானில் வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மே முதல் டிசம்பர் வரை குளம் தளும்பும். அந்தத் தளும்பலை நம்பித்தான் ஏமாறுகிறோம். ஜனவரி பிறந்தால் மழை நின்றுவிடும். மார்ச், ஏப்ரலில் தண்ணீர் பாதியாக இறங்கினால், ஒரு மீன்கூடக் கூடாமலே நெருக்கடி இரண்டு மடங்கு. மீன் வளர்ந்து பெருத்து நிற்பதும் அப்போதுதான்.

பத்து சென்ட் குளம் என்றால் 400 சதுர மீட்டர். கட்லா, ரோகு, மிர்கால் கலந்து வளர்க்க ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சு என்பது பொதுவான பரிந்துரை. நம் குளத்துக்கு 200 முதல் 400 வரும். "பாதி செத்தாலும் பாதி மிஞ்சும்" என்று 2,000 கொட்டினால் என்ன ஆகும்? அந்தக் குளம் வருஷத்துக்கு 150 கிலோ மீனைத் தாங்கும் என்று வையுங்கள். 200 மீன் இருந்தால் ஒவ்வொன்றும் முக்கால் கிலோ. 2,000 இருந்தால் 75 கிராம். குழம்புக்குக்கூட ஆகாது.

தூண்டில் போடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. தக்கை ஓயாமல் அமிழ்ந்தால் குளம் செழிப்பாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பட்டினி கிடக்கும் மீன்தான் போட்டவுடன் கடிக்கும். கையில் எடுத்துப் பாருங்கள்: தலை பெருத்து, முதுகு ஒட்டி, வயிறு உள்வாங்கியிருந்தால் குளத்தில் கூட்டம் மிஞ்சிவிட்டது. பிடித்த பொடியைத் திரும்ப விடுவது அங்கே புண்ணியம் இல்லை.

ஜிலேபி மீனை மட்டும் இரக்கப்பட்டும் உள்ளே விடாதீர்கள். 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்த மீன் அது. இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கி, குளத்தை உள்ளங்கை அளவுக் குட்டிகளால் நிரப்பிவிடும். பிறகு கட்லா எங்கே வளரும்?

பெரிய ஆபத்து விடியற்காலையில். இரவெல்லாம் மீனும் பாசியும் பிராணவாயுவை இழுத்துத் தீர்த்திருக்கும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் அன்று தவிடு, பிண்ணாக்கு, சாணம் எதுவும் வேண்டாம். பம்பை ஓட்டி, தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டுங்கள். பெரிய மீனை வலை போட்டு எடுத்துவிடுங்கள். மேகம் மூடிய நாட்களில் கண் அயராதீர்கள்.

மாதம் ஒருமுறை வீச்சு வலை போட்டு இருபது மீனை நிறுத்துப் பாருங்கள். எடை ஏறவில்லை என்றால் தீனியைக் கூட்டாதீர்கள், மீனைக் குறையுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) கராச்சர்மாவில் உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். குஞ்சு வாங்கப் புறப்படும் முன், போன மார்ச்சில் உங்கள் குளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்று வீட்டில் விசாரித்துவிட்டுப் போங்கள்.