வக்கீல் முதலாளி ஏன் வாய் திறப்பதில்லை?

1997-இல் இரண்டு எண்ணெய் நிறுவனத் தலைவர்கள் பருவநிலை பற்றி மேடையில் பேசினார்கள். மே மாதம் ஸ்டான்ஃபோர்டில் பேசிய பிபி தலைவர் ஜான் பிரௌன், புவி வெப்பமாதலை இனியும் தட்டிக்கழிக்க முடியாது என்றார். அக்டோபரில் பெய்ஜிங்கில் பேசிய எக்ஸான் தலைவர் லீ ரேமண்ட், பூமி சூடாகிறதா என்பதையே சந்தேகித்தார். இருவரும் விற்றது ஒரே சரக்கு. இருவரும் அறிவியல் படித்தவர்களும்கூட: பிரௌன் இயற்பியல், ரேமண்ட் வேதிப்பொறியியலில் முனைவர். பிரௌன் கூடுதலாக ஸ்டான்ஃபோர்டில் நிர்வாகவியலும் படித்திருந்தார்.

அந்தக் கூடுதல் பட்டம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தலைவரின் வயது, படிப்பு, அனுபவம் எல்லாம் நிறுவனத்தின் முடிவுகளில் தெரியும் என்று ஹாம்ப்ரிக், மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-லேயே வாதிட்டிருந்தார்கள். இதைச் சுற்றுச்சூழல் அறிக்கைகளில் சோதித்துப் பார்த்தது, லூயிஸ், வால்ஸ், டவல் மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. முதலீட்டாளர்கள் சார்பில் சிடிபி அமைப்பு ஆண்டுதோறும் நிறுவனங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, எவ்வளவு கரியமில வாயு வெளியிடுகிறீர்கள் என்று கேட்கிறது. பதில் சொல்லாவிட்டால் தண்டனை இல்லை. தலைவரின் சுபாவம் வெளிப்படுவதே இப்படிக் கட்டாயம் இல்லாத இடத்தில்தான்.

அந்தக் கேள்வித்தாளை வைத்து அவர்கள் பார்த்தபோது, எம்.பி.ஏ. படித்தவர்களும் புதிதாகப் பதவிக்கு வந்தவர்களும் தலைமை வகித்த அமெரிக்க நிறுவனங்கள் பதில் தர அதிகம் முன்வந்தன. சட்டம் படித்தவர்களின் நிறுவனங்கள் பின்வாங்கின. யோசித்தால் வியப்பில்லை. எழுதிக் கொடுத்த ஒவ்வொரு எண்ணும் நாளை நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்கும் என்பது வக்கீலின் பயிற்சி. நல்ல பெயரும் சந்தையில் ஒரு மூலதனம் என்பது எம்.பி.ஏ. வகுப்பின் பாடம். புதியவருக்கோ, முந்தைய ஆண்டுகளின் புகைக்குப் பொறுப்பேற்க வேண்டிய சங்கடம் குறைவு.

தாராளமாகப் பேசுகிற நிறுவனம் ஒழுங்கானது என்று நம்பிவிட வேண்டாம். 'பெட்ரோலியத்துக்கு அப்பால்' என்று பிரௌனின் பிபி விளம்பரம் செய்துகொண்டிருந்த காலத்தில்தான், 2005 மார்ச்சில், அதன் டெக்சாஸ் சிட்டி ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள்.

இந்தியாவில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 முதல் சுற்றுச்சூழல் விவரங்களும் அடங்கிய ஓர் அறிக்கையை பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கிவிட்டது. கேள்விகள் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் அறிக்கைக்குப் பொறுப்பான இயக்குநர் தன் சொற்களில் எழுத வேண்டிய பகுதி ஒன்றும் அதில் இருக்கிறது. பங்கு வைத்திருப்பவர்கள் முதலில் அதைப் படிக்கலாம். எழுதியவர் என்ன படித்தவர் என்றும் பார்த்துவிட்டு.