குறைந்த கட்டணம் யாருக்கு இலாபம்?

சுவிஸில் 1996 தை முதல் நடைமுறையிலுள்ள மருத்துவக் காப்புறுதிச் சட்டப்படி, அடிப்படைக் காப்புறுதியில் நோயைக் காட்டி எவரையும் மறுக்க முடியாது. எந்த நிறுவனமாயினும் சிகிச்சைகள் ஒன்றே. மாதக் கட்டணமே வேறுபடும்.

அதைக் குறைக்க நம்மில் பலர் 2500 பிராங் பிரான்ஷீஸ் எடுக்கிறோம். ஆண்டில் முதல் 2500 பிராங்கை நாமே கட்ட வேண்டும் என்பதே இதன் பொருள். நோயற்றவருக்கு இது இலாபம். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவருக்கோ கணக்கு வேறு. 300 பிராங் பிரான்ஷீஸுடன் ஒப்பிட, சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சக் கழிவு ஆண்டுக்கு 1540 பிராங். ஆகவே ஆண்டுச் செலவு ஏறத்தாழ 2000 பிராங்கைத் தாண்டினால் 300 பிராங்கே மலிவு.

பணத்தைவிடப் பெரிய நட்டமும் உண்டு. பில்லுக்குப் பயந்து இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, கண்ணும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட பின் வருவோரை வைத்தியர்களாகிய நாம் காண்கிறோம். நீரிழிவு ஆரம்பத்தில் வலி தருவதில்லை. பரிசோதனைதான் அதைக் காட்டும்.

கடந்த ஆண்டின் பில்களைக் கூட்டிப் பார்ப்போம். பிரான்ஷீஸைக் குறைக்க விரும்பினால், கடிதம் நவம்பரின் கடைசி வேலைநாளுக்குள் நிறுவனத்தின் கையில் கிடைக்க வேண்டும். தபால் முத்திரைத் திகதி கணக்கில் எடுக்கப்படாது. ஆகையால் பதிவுத் தபாலில் முன்கூட்டியே அனுப்புவோம்.