மௌனம் மருந்தாகாது

தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டையிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் நெல்லும் கரும்பும் விளையும் வயல்களில் நாள் முழுதும் உழைக்கும் தாய்மாரை நாம் அறிவோம். விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, நடவுக்கோ களையெடுப்புக்கோ புறப்படுகிறவர்கள் அவர்கள். நாற்பத்தைந்தைத் தாண்டிய அத்தகைய தாய் ஒருவர், நடுவயலில் திடீரென்று முகமும் மார்பும் தீப்பற்றியதுபோல் எரிய, வேர்வை வழிய நின்றுவிடுகிறார். இரவில் உறக்கமில்லை. காரணமின்றிக் கண்கள் கலங்குகின்றன. "உடம்புச் சூடு" என்று சொல்லி, ஒரு செம்பு மோரைக் குடித்துவிட்டு மீண்டும் குனிகிறார். கணவரிடம் சொல்வதில்லை, மகளிடமும் சொல்வதில்லை. இவர் யாரோ ஒருவர் அல்லர். நம் பங்குகளில் ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவராக இவர் இருக்கிறார்.

இது நோயன்று, மாதவிடாய் நிற்கும் பருவம். பெண்ணாய்ப் பிறந்த ஒவ்வொருவரும் கடக்க வேண்டிய படி. திருநூலே இதைக் கூச்சமின்றிப் பேசுகிறது. தொடக்க நூலின் 18-ஆம் அதிகாரம், சாராவுக்கு மாத முறைமை நின்றுபோயிருந்ததை மறைக்காமல் சொல்கிறது. திருநூல் மறைக்காததை நம் இல்லங்கள் மறைப்பானேன்?

உடலில் நிகழ்வது என்ன?

பெண்ணின் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் எனும் சுரப்புநீரைச் சுரக்கின்றன. வயது ஏறும்போது அச்சுரப்பு ஏறி இறங்கி, பின்னர் குறைந்துவிடுகிறது. இம்மாற்றம் ஒரே நாளில் வருவதன்று. சில ஆண்டுகள் நீடிப்பது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவர் கொள்வர். உலகில் பெரும்பாலோர்க்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நேர்கிறது. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. நாற்பதுக்கு முன்பே நின்றுவிட்டால் மருத்துவரைக் காண்பது இன்றியமையாதது. அந்த 12 மாதங்கள் நிறைவுறும்வரை கருத்தரிக்கும் வாய்ப்பு முற்றும் நீங்கிவிடுவதில்லை என்பதையும் தம்பதியர் நினைவிற்கொள்ள வேண்டும்.

உடல் அனல், இரவு வேர்வை, உறக்கமின்மை, மூட்டுவலி, மறதி, எரிச்சல், மனச்சோர்வு, பிறப்புறுப்பு வறட்சி, சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை இப்பருவத்தின் அடையாளங்கள். எல்லோர்க்கும் எல்லாம் வருவதில்லை. சிலர்க்குச் சில மாதங்களிலும் பலர்க்குச் சில ஆண்டுகளிலும் தணியும். தைராய்டுக் கோளாறும் இவைபோன்ற துன்பங்களைத் தரக்கூடும். ஆதலின் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம்.

வீட்டிலே செய்யத்தக்கவை

ஈஸ்ட்ரோஜன் குறைந்த முதற்சில ஆண்டுகளில் எலும்பு விரைந்து தேய்கிறது. பின்னாளில் சிறு வழுக்கலிலும் இடுப்பெலும்பு முறிவதற்கு இதுவே காரணம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வரையறுத்திருக்கிறது. இதற்கு விலையுயர்ந்த டப்பா மாவு தேவையில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் அச்சத்து உண்டு. கேழ்வரகுக் கூழ், மோர், முருங்கைக்கீரை, எள், சிறு மீன் ஆகியவற்றை நம் தாய்மார் பிறர்க்குப் பரிமாறுகிறார்கள். தாங்களோ கடைசியில் அடிச்சட்டியை வழித்து உண்கிறார்கள். இவ்வழக்கம் மாற வேண்டும்.

இப்பருவத்துக்குப் பின் இதயநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாது பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்வழி இவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. முப்பது வயது கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன.

அனலும் உறக்கமின்மையும் தாங்கவொண்ணாத அளவுக்குப் போனால் ஹார்மோன் சிகிச்சை உண்டு. அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு, மார்பகப் புற்று முதலிய ஆபத்துகள் தென்பட்டதால் 2002-இல் இடையில் நிறுத்தப்பட்டது. அதுமுதல் பலர் இச்சிகிச்சைக்கு அஞ்சினர். அறுபது வயதுக்கு உட்பட்ட, மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகள் ஆகாத பெண்களில் பெரும்பாலோர்க்கு நன்மையே மிகுதி என்று பின்னர் தெளிவாயிற்று. எனினும் மார்பகப் புற்று கண்டவர்க்கும் இரத்தக் கட்டி ஏற்பட்டவர்க்கும் அது பொருந்தாது. மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்குவது கூடவே கூடாது.

ஒரு துளியாயினும் அசட்டை வேண்டா

ஒன்றை மட்டும் நம் வாசகர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டுகிறோம். மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து, ஒரு துளி உதிரம் பட்டாலும் அது சூட்டினால் வந்ததன்று. "போன தூரம் திரும்பி வந்திருக்கிறது" என்று மறைத்துவிடவும் கூடாது. இவ்வாறு உதிரம் காண்போரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கே கருப்பை உட்சுவரில் புற்று இருக்கிறது. ஆனால் அப்புற்று கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர்க்கு இவ்வுதிரப்போக்கே அடையாளமாய் இருந்திருக்கிறது. உடனே காட்டியவர்க்குக் குணமடையும் வாய்ப்பு மிகுதி. வெட்கத்தால் ஓராண்டு மறைத்தவர்க்கு அந்த வாய்ப்பு குறுகிவிடும். திருக்கோவிலூரிலோ திருவண்ணாமலையிலோ கள்ளக்குறிச்சியிலோ உள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லப் பேருந்துச் செலவுதான் ஆகும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. உதிரப்போக்கு மிகுந்தவுடன் "கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று அவசரப்படுவோர் பலர். தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. சில வேளைகளில் அறுவை உயிர்காக்கும், மறுக்கவில்லை. ஆனால் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் திடுமென நின்று, இப்பருவத்தின் துன்பங்கள் யாவும் ஒருசேர வந்துவிடும். எனவே வேறு வழி உண்டா, சினைப்பைகளை விட்டுவைக்கலாமா என்று கேட்டறிந்தபின், இரண்டாவது மருத்துவரின் கருத்தையும் பெற்றே முடிவு செய்க.

கணவன்மார்க்கு ஒரு சொல்

"அவளுக்கு இப்போது எதற்கெடுத்தாலும் கோபம்" என்று திண்ணையில் குறைகூறும் கணவர்களே! அது திமிரன்று, உடலின் மாற்றம். அவர் உறங்காத இரவுகளை நீங்கள் எண்ணிப்பார்த்ததுண்டா? தாம்பத்திய வாழ்விலும் அவருக்கு நோவு இருக்கலாம். வற்புறுத்தாமல் பொறுத்திருப்பதும், மருத்துவரிடம் உடன் செல்வதும் திருமண வாக்குறுதியின் பகுதியே. இன்பத்திலும் துன்பத்திலும் உடனிருப்பதாகப் பீடத்தின்முன் சொன்னது இந்த ஆண்டுகளுக்கும் சேர்த்துத்தான். வளர்ந்த மக்களும் மருமக்களும் தண்ணீர்க் குடத்தையும் அடுப்பையும் பங்கிட்டுக்கொள்ளலாமே! பங்குகளில் தாய்மார் கூடும் நாளில் ஒரு செவிலியரை அழைத்து ஒருமணி நேரம் பேசச் செய்வது எளிது.

மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் வரும் பெண்மணி 12 ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்தியவர். கைப்பொருளையெல்லாம் செலவிட்டும் குணமடையாதவர். கூட்டத்தினூடே மறைவாக வந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்டார். மறைவாக வந்தவரை ஆண்டவர் மறைவாகவே போகவிடவில்லை. எல்லோர் முன்னிலையிலும் அவர் தம் துன்பத்தைச் சொல்லக் கேட்டார், மகளென்று அழைத்தார். அங்கே வெட்கத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

நம் இல்லங்களிலும் அப்படியே ஆகட்டும். தாய் சொல்லட்டும், குடும்பம் கேட்கட்டும்.