மருந்து நூல்கள் மாறுபட்டுச் சொன்னால் என்ன செய்வது?

மனநோய்க்கு மருந்து உட்கொள்பவர்களுக்கு, வயது கூடக்கூட வேறு மருந்துகளும் சேரும். இரண்டையும் சேர்த்து உட்கொள்ளலாமா என்று பிள்ளைகள் கைப்பேசியில் தேடுவார்கள். ஓர் இடத்தில் “கடும் ஆபத்து” என்றிருக்கும். இன்னோர் இடத்தில் “கண்காணித்தால் போதும்” என்றிருக்கும்.

ஏன் இந்த வேறுபாடு?

மருந்தாளுநர்கள் பார்க்கும் நூல்களும் எப்போதும் ஒன்றுபோல் சொல்வதில்லை. சில நூல்கள் ஓரிருவருக்கு நேர்ந்த பாதிப்பையும் கடுமையாக எச்சரிக்கும். சில, பலரிடம் உறுதியானதையே பெரிதாகக் கொள்ளும்.

லித்தியமும் ஹாலோபெரிடாலும் இதற்கு ஓர் உதாரணம். இவற்றைச் சேர்த்து உட்கொண்ட 4 பேருக்கு மூளை பாதிக்கப்பட்டதாக 1974-இல் ஓர் அறிக்கை வந்தது. 1976-இல், இரண்டையும் உட்கொண்ட 425 பேரின் பதிவுகளைப் பார்த்த மருத்துவர்கள் அத்தகைய பாதிப்பைக் காணவில்லை. இன்றும் மருத்துவர்கள் இவற்றைக் கண்காணிப்புடன் சேர்த்துக் கொடுப்பதுண்டு.

மேலும், உங்கள் வயது, சிறுநீரகம், இதயம், மருந்தின் அளவு எதுவும் நூலுக்குத் தெரியாது. உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும்தான் தெரியும்.

நீங்களாக நிறுத்தாதீர்கள்

எச்சரிக்கையைப் படித்துப் பயந்து மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். குளோசபின் 2 நாளுக்கு மேல் விட்டுப்போனால், பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கக்கூடாது. முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

மறக்காமல் சொல்லுங்கள்

• எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். நாட்டு மருந்து, சீன மருந்து, ஜாமு ஆகியவற்றையும் சேருங்கள்.

• வேறு கிளினிக்கில் மருந்து வாங்கும்போது, மனநோய் மருந்தின் பெயரைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சிப்ரோஃபிளாக்சசின் என்னும் கிருமிக்கொல்லி, இரத்தத்தில் குளோசபின் அளவைக் கூட்டும்.

• சிகரெட்டை விடுவது நல்லது. ஆனால் குளோசபின் அல்லது ஒலான்சபின் உட்கொள்பவர், விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புகைப்பதை நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும்.

உடனே உதவி தேவை

மயங்கி விழுதல், நெஞ்சுப் படபடப்புடன் தலைசுற்றல், காய்ச்சலோடு உடல் விறைப்பும் குழப்பமும் ஏற்பட்டால் 999-ஐ அழையுங்கள்.

யாரைக் கேட்பது?

ஜொகூர் பாரு பெர்மாய் மருத்துவமனையிலோ வேறு அரசாங்க கிளினிக்கிலோ மருந்து வாங்குபவர்கள், அங்குள்ள மருந்தாளுநரைக் கேட்கலாம். தேசிய மருந்தக அழைப்பு மையத்தை 1-800-88-6722 என்ற எண்ணில் அலுவலக நேரத்தில் அழைக்கலாம். “இந்த இரண்டையும் நான் சேர்த்து உட்கொள்ளலாமா?” என்று கேட்டாலே போதும்.