பதினெட்டு எழுத்துக்களால் ஒரு தேடல்

ஒரு சொட்டுக் கழிவுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியாக்கள் யாவும் குச்சிகளாகவும் உருண்டைகளாகவுமே தெரியும். எது எந்த இனம் என்று எப்படி அறிவது? அதற்கு உதவுவதுதான் ‘துருவி’ என்னும் குட்டி டி.என்.ஏ. துண்டு.

டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துக்கள். ஏ-யுடன் டி-யும், ஜி-யுடன் சி-யும் இணை சேரும். நாம் தேடும் வரிசைக்கு இணையான வரிசையைத் தயாரித்து, அதனுடன் ஒளிரும் சாயத்தைச் சேர்த்துவிட்டால், துருவி உரிய பாக்டீரியாவினுள் சென்று ஒட்டிக்கொள்ளும். அந்த பாக்டீரியா மட்டும் பளிச்சென ஒளிரும்.

எந்த வரிசையைத் தேர்ந்தெடுப்பது? 4-ஐ 18 தடவை எழுதிப் பெருக்குங்கள். விடை 6,800 கோடிக்கும் அதிகம்! 18 எழுத்துத் துருவிகள் அத்தனை வகையில் அமையலாம். ஆகவே இவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கிறோம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஏ.ஆர்.பி.’ இத்தகைய மென்பொருள்களில் ஒன்று. தேடும் இனங்கள் அனைத்திலும் அவ்வரிசை உள்ளதா, மற்ற இனங்களில் இல்லையா என்று அது ஒப்பிட்டுச் சொல்லும்.

ஒட்டிய துருவி எந்த வெப்பநிலையில் பிரியும் என்பதும் முக்கியம். ஏ–டி இணையில் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புக்கள். ஜி–சி இணையில் மூன்று. எனவே ஜி, சி மிகுந்த துருவியைப் பிரிக்க அதிக வெப்பம் தேவை. தோராயமாக, ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2 டிகிரி, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4 டிகிரி செல்சியஸ் எனக் கூட்டலாம். இதோ 1990-இல் வெளியான ‘இ.யு.பி.338’ என்ற புகழ்பெற்ற துருவி: ஜி சி டி ஜி சி சி டி சி சி சி ஜி டி ஏ ஜி ஜி ஏ ஜி டி. எண்ணிக் கூட்டுங்கள், 60 டிகிரி வருகிறதல்லவா?

இத்துருவி ஏறக்குறைய எல்லா பாக்டீரியாக்களையும் காட்டிவிடும் என்று கருதப்பட்டது. ஆனால் 1999-இல், பெருகியிருந்த வரிசைப் பட்டியலுடன் ஒப்பிட்டபோது, பிளாங்க்டோமைசீட் உள்ளிட்ட சில பிரிவுகளில் எழுத்துக்கள் மாறியிருப்பது தெரிந்தது. அவை ஒளிராமல் தப்பிவிடும்! ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியாவை நைட்ரஜன் வாயுவாக்கிக் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் பாக்டீரியா இப்பிரிவைச் சேர்ந்தது என்பதும் அதே ஆண்டில்தான் வெளியாயிற்று. விடுபட்டவற்றுக்காக மேலும் இரண்டு துருவிகள் வடிவமைக்கப்பட்டன. இன்று மூன்றையும் கலந்தே பயன்படுத்துகிறார்கள்.

மென்பொருள் தன்னிடமுள்ள பட்டியலில்தான் தேடும். ஆகவே துருவி ஒளிரவில்லை என்பதால் அங்கே பாக்டீரியாவே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. பட்டியல் நீளும்போதெல்லாம் பழைய துருவிகளையும் மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும்.