ஈரத்தோட்டத்தில் தாழை வளர்த்தல்

குளக்கரை, வாய்க்கால் ஓரம், கிணற்று நீர் வடியும் பள்ளம் முதலிய இடங்களை நம்மவர் பெரும்பாலும் வீணாகவே விட்டுவிடுகின்றனர். அத்தகைய ஈர நிலத்திற்குத் தாழை மிகவும் ஏற்றது. கடலோரத்து மணலிலும் அது செழித்து வளரும். அதிகப் பாடும் வேண்டுவதில்லை. ஆயினும் தொடக்கத்தில் ஒரு விஷயத்தில் தவறினால், பின்னர் அதைத் திருத்துவது அரிது.

தாழையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. மணமுள்ள வெண்மடல்களோடு கூடிய தாழம்பூவைத் தருவது ஆண்மரமே. பெண்மரம் அன்னாசி போன்ற காயைத் தருமேயன்றி, விலைபோகும் மடலைத் தராது. இளங்கன்றைப் பார்த்து இன்னதென்று கூற இயலாது. நட்டு மூன்று நான்கு வருஷங்கள் சென்ற பின்னரே பூ வெளிப்படும். ஆகையால் பூக்குங்காலத்தில் ஆண்மரத்தை நேரில் கண்டு, அடையாளமாகக் கயிறு கட்டிவைத்து, அதன் பக்கக்கன்றையோ கிளையையோ மட்டும் எடுத்து நடல் வேண்டும். அவை தாய்மரத்தைப் போலவே ஆணாக இருக்கும். விதையில் முளைத்த கன்றுக்கு இந்நிச்சயம் இல்லை. விற்றவர் வார்த்தையை நம்பி, கடன் வாங்கி, கரை முழுவதும் நட்ட அங்கத்தினர் ஒருவரை அறிவேன். நான்காம் வருஷம் அவருக்குக் கிடைத்தவை முள்வேலியும் காயுமே. தவணை மாத்திரம் தவறாமல் வந்தது.

மழை தொடங்கும்போது எட்டுப் பத்து அடிக்கொன்றாக நடலாம். வேர் பிடிக்கும்வரை ஈரம் காயலாகாது. வளர்ந்தபின் விழுதுகள் இறங்கிக் கரையை அரிப்பினின்று காக்கும். இலை விளிம்பில் முள் இருப்பதால், ஆட்கள் நடக்கும் பாதையை விட்டு விலக்கி நடுதல் நலம்.

1936-ஆம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்து, பின்னர் ஒரிஸாவோடு சேர்ந்த கஞ்சம் ஜில்லாவில் இப்பூ பெருந்தொழிலாக விளங்குகிறது. அங்கே பூவைச் செப்புக் கலத்தில் நீரோடு காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து வாசனை நீரும் அத்தரும் எடுக்கின்றனர். அத்தகைய காய்ச்சுசாலை அருகில் இல்லாதவர், கூந்தலில் சூடும் பூவாகவே விற்க நேரும். புராணத்துச் சாபத்தை முன்னிட்டுச் சிவாலயங்களில் பொதுவாகத் தாழம்பூவைச் சாத்துவதில்லை. உத்தரகோசமங்கை இதற்கு விலக்கு. எனவே எத்தனை கன்றுகள் நடுவதென்று தீர்மானிக்குமுன், அருகிலுள்ள பூக்கடைக்காரரை விசாரித்துக்கொள்க. பூவை விடியற்காலையிலேயே அறுக்க வேண்டும். வெயில் ஏறினால் மணம் குறையும், விலையும் குறையும்.