சுற்றுப்படத்தினின்று உயிர்பெறும் விளையாட்டு

1972-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சன்னிவேல் என்பது ஓர் ஊர். அங்கிருந்த 'ஆண்டி காப்ஸ்' என்னும் மதுக்கடையின் மூலையில் அட்டாரி நிறுவனத்தார் புதுமையான பெட்டி ஒன்றைக் கொணர்ந்து வைத்தனர். காசு போட்டால் திரையில் வெண்புள்ளி ஒன்று பந்தாக ஓடும். இருபுறமும் இரு சிறு கோடுகள் மட்டைகளாக நின்று அதனைத் திருப்பி அடிக்கும். சில நாள்களில் இயந்திரம் நின்றுவிட்டதெனச் செய்தி வந்தது. அதனை உருவாக்கிய பொறியாளர் ஆலன் ஆல்கார்ன் சென்று திறந்து பார்த்தார். பெட்டிக்குள் காசுகள் நிரம்பி வழிந்தமையே கோளாறு!

'போங்' எனப் பெயர் பெற்ற அவ்விளையாட்டு ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அக்காலத்துப் பெட்டிகள் பல குப்பைக்குச் சென்றன. எஞ்சியவையும் ஆண்டுதோறும் பழுதாகி வருகின்றன. ஆயினும் இன்று வீட்டுக் கணிப்பொறியிலேயே அந்தப் பழைய விளையாட்டை அது இருந்தவாறே ஆடிப் பார்க்க இயலுகிறது. இஃது எங்ஙனம் கைகூடிற்று? பொறுமை மிக்க சிலர் பழைய சுற்றுப்படங்களைக் கோடு கோடாகப் படித்து, கணிப்பொறிக்குப் புரியுமாறு எழுதி வைத்ததன் பயனே இது. அப்பணியின் இயல்பைச் சற்றே காண்போம்.

நிரல் இல்லாத விளையாட்டு

பழைய விளையாட்டு இயந்திரங்களைப் போலவே கணிப்பொறியை நடக்கச் செய்யும் மென்பொருளை 'எமுலேட்டர்' என்பர். இவற்றுள் புகழ்பெற்றது 'மேம்'. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997-இல் இதனை வெளியிட்டார். பிற்கால இயந்திரங்களைப் பொறுத்தவரை வழி ஓரளவு தெளிவானது. எடுத்துக்காட்டாக, 1978-இல் ஜப்பானிய டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் இன்டெல் 8080 என்னும் நுண்செயலி இருந்தது. அதற்குரிய நிரல் நினைவகச் சில்லுகளில் பதிந்திருந்தது. அந்நிரலை அப்படியே படியெடுத்து, நுண்செயலியின் வேலையை மென்பொருள் செய்யுமாறு அமைத்தால் விளையாட்டின் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

போங்கிலோ நுண்செயலியும் இல்லை, நிரலும் இல்லை! சாதாரண தர்க்கச் சில்லுகளும், எண்ணிகளும், மின்தடைகளும், மின்தேக்கிகளும் கம்பிவழியே இணைந்து நின்று பந்தை ஓட்டின. படியெடுப்பதற்குரிய நிரல் எதுவும் அங்கில்லை, மின்சுற்றே விளையாட்டு. ஆகவே அதனை மீட்க வேண்டுமாயின், சுற்றினை முழுவதுமாகக் கணிப்பொறிக்குள் மறுபடியும் கட்டியாக வேண்டும். 'மேம்' மென்பொருளில் 'நெட்லிஸ்ட்', அதாவது இணைப்புப் பட்டியல், என்னும் பகுதி இதற்கென்றே அமைந்துள்ளது. எந்த உறுப்பின் எந்த முனை எதனோடு சேர்கிறது என்பதனை வரிவரியாக எழுதிக் கொடுத்தால், ஒவ்வொரு சந்திப்பிலும் மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் எவ்வாறு மாறுகிறதென அது கணித்துக்கொண்டே செல்லும். அக்காலத்துச் சாதாரணத் தர்க்கச் சில்லில் ஒரு வாயிலின் விடை வெளிவர ஏறத்தாழ பத்து நானோ நொடி ஆகும். ஒரு நானோ நொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அத்துணை நுண்ணிய காலத்தையும் கணக்கில் கொள்வதால், இன்றைய கணிப்பொறிக்கும் இஃது எளிய வேலையன்று.

படத்தைப் பக்குவப்படுத்துதல்

முதற்படி, பழுதுபார்ப்போர்க்கென அந்நாளில் அச்சிட்ட கையேட்டினின்று சுற்றுப்படத்தைப் பெறுதல். ஆனால் அப்படம் மனிதர் கண்ணுக்காக வரையப்பட்டது. தேர்ந்த தொழிலாளி தானே உணர்ந்துகொள்வான் என்று விட்டுவிட்டவை அதில் பல. கணிப்பொறியோ சொல்லாததை உணராது.

இரு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் புள்ளி இருந்தால் அவை இணைந்தவை. இல்லையேல் ஒன்றையொன்று தாண்டிச் செல்பவை. மங்கிய நகலில் மைக்கறையும் புள்ளியாகத் தோன்றும். உண்மைப் புள்ளியும் மறைந்துபோகும். மின்தேக்கியின் அளவில் தசமப்புள்ளிக்குப் பின் ஒரு சுழியம் கண்ணுக்குத் தப்பினால், காலம் பத்து மடங்கு பிறழும்.

7400 எனும் சில்லில் நான்கு வாயில்கள் உள்ளன. படத்தில் அவை நான்கு மூலைகளில் சிதறிக் கிடக்கும். பலகையில் சில்லு இருக்கும் இடத்தைக் குறிக்கும் எழுத்தையும் எண்ணையும் கொண்டு அவற்றை ஒரே சில்லாகத் திரட்ட வேண்டும். மின்னூட்ட முனைகளைப் படத்தில் பெரும்பாலும் வரைவதில்லை. பதினான்கு கால் கொண்ட சில்லுகள் பலவற்றில் 14-ஆம் கால் ஐந்து வோல்ட்டுக்கும், 7-ஆம் கால் தரைக்கும் உரியவை. ஆனால் 7493 என்னும் எண்ணியில் அவை 5-ஆம் காலும் 10-ஆம் காலுமாகும். வழக்கத்தை நம்பி எழுதியவர் இங்கே இடறுவார்.

இணைக்காமல் விட்ட உள்ளீட்டை இவ்வகைச் சில்லு 'உயர்நிலை' என்றே கொள்ளும். பட்டியலில் அதனை ஐந்து வோல்ட்டுடன் வெளிப்படையாகச் சேர்த்தாக வேண்டும். மின்தடைகளும் மின்தேக்கிகளும் உள்ள பகுதியில், எந்தச் சந்திப்பும் தரைக்கு வழியின்றித் தனித்து நின்றுவிடலாகாது. நின்றால் சமன்பாட்டுக்கு விடை கிடைக்காது. ஒரு தாளினின்று மறு தாளுக்கு அம்புக்குறியோடு செல்லும் கம்பிகளுக்கு ஒரே பெயர் சூட்ட வேண்டும். மின்வழங்கி, காசு எண்ணும் கருவி போன்ற, ஆட்டத்தின் போக்கைத் தொடாத பகுதிகளை நீக்கி, அவற்றிற்குப் பதில் எளிய மாற்றுகளை வைக்கலாம். எதனை நீக்கினோம் என்று குறித்து வைப்பதும் கடமையே.

குறையையும் காத்தல்

ஏட்டைக் கெடுத்தவன் எழுதினவன் என்று நம் முன்னோர் நொந்து சொன்னதுண்டு. படியெடுப்பவன் தவறி எழுதுவது ஒரு கேடு. தானே திருத்த முற்படுவது மற்றொரு கேடு.

போங் விளையாட்டில் மட்டை திரையின் உச்சிவரை செல்லாது. கைப்பிடியைத் திருகினால் ஒரு மின்தேக்கி நிரம்பும் நேரம் மாறும். '555' என்னும் காலச் சில்லு அந்நேரத்தை அளந்து மட்டையின் இடத்தைத் தீர்மானிக்கும். அந்த எளிய அமைப்பிலிருந்த குறையால் மேலே சிறு இடைவெளி நின்றுவிட்டது. ஆல்கார்ன் அதனைத் திருத்தாது விட்டுவிட்டார். தேர்ந்த இருவர் முடிவின்றி ஆடிக்கொண்டே இராதபடி அவ்விடைவெளி ஆட்டத்தைக் காத்தது! பந்து படும்போது எழும் ஒலிக்கும் தனிக் கருவி வைக்கப்படவில்லை. திரையை ஒழுங்குபடுத்தும் சுற்றில் ஏற்கெனவே இருந்த அதிர்வுகளுள் பொருத்தமானதையே அவர் எடுத்துக்கொண்டார்.

சுற்றினை உள்ளபடி எழுதினால், இந்தக் குறையும் இந்த ஒலியும் எவரும் சேர்க்காமலே தாமாகத் தோன்றும். எழுதியவர் உண்மையாக எழுதினார் என்பதற்கு அதுவே சிறந்த சான்று. மாறாக, மட்டை உச்சியைத் தொடுமாறு எவரேனும் செம்மை செய்துவிட்டால், திரையில் ஆட்டம் இருக்கும், போங் இராது.

வெறும் விளையாட்டுக்கு இத்துணை உழைப்பா என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். ஒரு தலைமுறையின் கைத்திறனும் அறிவும் அந்தக் கோடுகளில் உறைந்து கிடக்கின்றன. பெட்டியும் அழிந்து, தாளும் அழிந்துவிட்டால், அவற்றை மீண்டும் கேட்டறிய ஆளில்லை. நம் இல்லத்துப் பரணிலும் பழைய வானொலியின் கையேடும், தையல் இயந்திரத்தின் படமும் கிடக்கக்கூடும். பழைய தாள்காரனுக்கு எடைக்குப் போடுமுன் ஒருமுறை விரித்துப் பார்ப்போம். பிள்ளைகளையும் அருகில் அழைத்து, இக்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென விரல் வைத்துக் காட்டச் சொல்வோம். கருத்தூன்றிப் படிக்கும் பழக்கம் அவ்விரல் நுனியிலேயே தொடங்கும்.